தெல்மா தலையாட்டிய சனிக்கிழமை

தெல்மா என்ட்விசில் பொய் சொன்னாள் என்று ஆல்டர்பி ஊரில் யாராவது கிளப்பிவிட்டால், சொன்னவரைத்தான் ஊர் சந்தேகப்படும். அப்படி ஒரு பெயர் அவளுக்கு. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபது வருஷமாகப் பரிமாறுகிறவள். "இன்னிக்குப் பட்டாணி சரியா வேகலை, வாங்கிக்காதே" என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுவாள். தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றாலும் சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரி புதுத் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது உள்ளதைச் சொன்னாள். இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இப்படிப்பட்டவள் தன் வாழ்நாளில் பெரிதாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதை ஆறாயிரம் பேர் நம்பினார்கள்.

ஆல்டர்பி டவுன் கால்பந்து கிளப்பின் மைதானத்தில் மேற்குப் பக்கம் ஒரு பழைய மரக் கேலரி உண்டு. மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும். அதில் மூன்றாவது வரிசையில், மானேஜர் உட்காரும் பெஞ்சுக்கு நேர் பின்னால், தெல்மாவும் அவள் கணவன் கிளிஃபர்டும் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்து வந்தார்கள். கிளிஃபர்ட் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஆட்டம் என்றால் உயிர். தெல்மாவுக்கும் உயிர்தான். ஆனால் பார்க்கத்தான் நெஞ்சில் தெம்பு கிடையாது. எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு நம் பக்கம் வந்தாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். "இந்த ஆட்டத்தைத்தான் பார்க்க மாட்டேங்கறே, மத்த ஊர் ஆட்டத்தையாவது கேளு பொண்ணே" என்று சொல்லி கிளிஃபர்ட் அவளுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் காதில் மாட்ட ஒரு இயர்போனும் வாங்கிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து அந்தக் கேலரிக்கு அவள்தான் சேதி சொல்லுகிறவள். மைதானத்து ஒலிபெருக்கியில் மற்ற ஊர் ஸ்கோரை இடைவேளையில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவைதான் வாசிப்பார்கள். நடுவில் தெரிய வேண்டுமென்றால் தெல்மாவைக் கேட்க வேண்டும். பின்னாலிருந்து யாராவது ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அவள் திரும்பாமலே இரண்டு கையையும் தூக்கி விரல் காட்டுவாள். இடது கை உள்ளூர் அணி, வலது கை வெளியூர் அணி, மூடிய கை பூஜ்யம். பதினெட்டு வருஷத்தில் ஒரு விரல் தப்பாகக் காட்டியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மானேஜர்களே திரும்பி அவள் கையைப் பார்ப்பது வழக்கம்.

அந்த 1987-88ஆம் வருஷத்து ஆட்டக்காலம் இருக்கிறதே, அது எதிரிக்குக்கூட வரக் கூடாது. நான்காம் டிவிஷனில் நாங்கள் கடைசிக்கு வந்து ஒட்டிக்கொண்டோம். அதற்குக் கீழே பாதாளம்தான். கடைசியாக வருகிற கிளப் லீக்கை விட்டே வெளியே போக வேண்டும். ஆகஸ்டு தொடங்கி பதினோரு ஆட்டம் ஜெயிக்கவில்லை. கோல்கீப்பர் தன் வீட்டுக் கார் கதவில் விரலை நசுக்கிக்கொண்டான். நவம்பரில் இருந்த ஒரே நல்ல ஆட்டக்காரனை விற்றுத் தின்றார்கள். "பந்தைக் கண்டா நம்ம பசங்க, கடன்காரனைக் கண்ட மாதிரி ஒதுங்குறானுங்க" என்பான் பின்வரிசையில் உட்காரும் கசாப்புக்கடை வில்ஃப். குரல் என்றால் அவன் குரல்தான் குரல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

மானேஜர் ரே டனிக்ளிஃப் நல்ல மனிதன். ஊரிலேயே வீடு வாங்கிக் குடியிருந்தான். ஆள் பற்றாமல் நாற்பது வயதில் தானே இரண்டு ஆட்டம் காலில் கட்டோடு ஆடினான். பிப்ரவரியில் எப்படியோ ஒரு தெம்பு வந்தது. ஸ்டாட் என்று ஒரு முன்வரிசைக்காரன், மூளை கொஞ்சம் மட்டு, கால் மட்டும் தங்கம், கோல் போட ஆரம்பித்தான். ஏப்ரலில் நான்கு ஆட்டம் ஜெயித்தோம். செத்துப் பிழைக்கிறோம் என்று நினைத்தோம்.

இதற்கு நடுவில் ஜனவரியில் கிளிஃபர்டுக்கு மாரடைப்பு. டாக்டர் ஆட்டத்துக்கே போகக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார். கிளிஃபர்ட் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே அடுத்த ஆட்டம் யாரோடு என்று கேட்டான். தெல்மா கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். "வீட்ல ரேடியோ முன்னாடி உட்கார்ந்திருந்தாத்தான் எனக்கு நெஞ்சு வலிக்கும், அங்க வந்தா வலிக்காது" என்றான் அவன். அந்த மனிதனை ஜெயிக்க யாரால் முடியும்?

கடைசி ஆட்டம் மே மாதம் ஒரு சனிக்கிழமை. கிளிஃபர்ட் காலையிலேயே ரொட்டி சுற்றிவந்த காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டான். நாங்கள் கடைசி, நாற்பத்திரண்டு புள்ளி. எங்களுக்கு மேலே ஹாக்ஸ்மூர், நாற்பத்து மூன்று.

"இதோ பாரு பொண்ணே, நாம ஜெயிச்சு ஹாக்ஸ்மூர் ஜெயிக்கலைன்னா கவலையே இல்லை. நாம டிரா பண்ணா, ஹாக்ஸ்மூர் தோத்தே ஆகணும். ரெண்டு பேருக்கும் நாப்பத்து மூணு வரும், கோல் வித்தியாசத்துல நாம மேல. ஹாக்ஸ்மூர் டிரா பண்ணிட்டா நாம கண்டிப்பா ஜெயிக்கணும். புரியுதா?"

"புரியுது. மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

அன்றைக்கு ஆறாயிரம் பேர். கல்யாண வீடு மாதிரியும் இருந்தது, எழவு வீடு மாதிரியும் இருந்தது. இருபதாவது நிமிஷத்தில் எதிரணி கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு ஸ்டாட் தலையால் முட்டி ஒன்றுக்கு ஒன்று ஆக்கினான். அதற்கப்புறம் நம் பையன்கள் பேய் பிடித்த மாதிரி ஆடினார்கள். பந்து ஒரு தடவை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எந்த நிமிஷமும் இன்னொரு கோல் விழும்போல் இருந்தது. தெல்மாவின் காதில், ஹாக்ஸ்மூர் தன் ஊரில் ஆடிய ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யமாகவே கிடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு கையையும் மூடி மூடிக் காட்டினாள்.

எழுபத்து நான்காவது நிமிஷம். கிளிஃபர்ட் அவள் கையைப் பிடித்தான். கை ஜில்லென்று இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, மேலுதட்டில் வியர்வை, இன்னொரு கை நெஞ்சில். ஜனவரியில் பார்த்த அதே முகம். "ஹாக்ஸ்மூர் என்ன ஆச்சு, பொண்ணே?" என்றான். குரலே எழும்பவில்லை.

தெல்மா யோசித்தாள் என்று சொன்னால் அது தப்பு. யோசிக்கவே இல்லை. இந்த மனிதனை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. அவன் காதருகில் குனிந்து, "ஹாக்ஸ்மூர் ஒரு கோல் வாங்கிட்டாங்க, நீ நிம்மதியா இரு" என்றாள்.

அவள் அவனுக்கு மட்டும்தான் சொன்னாள். ஆனால் கிளிஃபர்டின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. வாய் பிளந்து சிரித்தான். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் தடுப்பதற்குள், அவனே பின்பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கினான். இடது கை மூடியிருந்தது. வலது கையில் ஒரு விரல்.

"ஹாக்ஸ்மூர் அவுட்டுடா!" என்று வில்ஃப் கத்தினான். அவ்வளவுதான். கேலரி முழுக்க எழுந்து நின்றது. கூச்சல் மூலையைச் சுற்றிக்கொண்டு கோலுக்குப் பின்னால் நிற்கிறவர்களிடம் போனது, அங்கிருந்து எதிர்ப்பக்கம் போனது. ஆறாயிரம் பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினார்கள். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன்களே நின்று பார்த்தார்கள்.

ரே டனிக்ளிஃப் பெஞ்சிலிருந்து எழுந்து திரும்பினான். நூறு பேர் அவனைப் பார்த்து விரலை ஆட்டிக் கத்தினார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் தெல்மாவைப் பார்த்தான். புருவத்தைத் தூக்கி, உண்மையா என்று கேட்கிற மாதிரி.

இந்த இடத்தில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். முதலில் சொன்னது ஒரு நோயாளிக்குச் சொன்ன ஆறுதல். கடவுளே மன்னிப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது கேட்பது ஒரு கிளப்பையே தோளில் சுமந்து நிற்கிற மனிதன். இல்லை என்று தலையை அசைத்தால் போதும். ஆனால் பக்கத்தில் கிளிஃபர்ட் கன்னம் சிவந்து, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தெல்மா தலையாட்டினாள். ஆமாம் என்று.

ரே ஸ்டாட்டை வெளியே கூப்பிட்டுக்கொண்டான். அவனுக்குப் பதில் ஒரு தடுப்பாட்டக்காரனை அனுப்பினான். இருக்கிறதைக் காப்பாற்றினால் போதும் என்று கையைக் கீழே அமுக்கிக் காட்டினான். மீதிப் பதினாறு நிமிஷமும் நம் பையன்கள் பந்தை மூலைக்குக் கொண்டுபோய், காலுக்கடியில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டினார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். தெல்மா இயர்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் எதற்கும் வேண்டாத மாதிரி வேண்டினாள். ஹாக்ஸ்மூர் ஒரு கோல் வாங்கட்டும், ஒன்றே ஒன்று, என் பொய் மெய்யாகட்டும். கேட்டது கிடைக்கவில்லை. ஹாக்ஸ்மூர் ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யமாகவே முடிந்தது.

விசில் ஊதியதும் ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். ரேயைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவன் மேலே இருக்கும்போதுதான் ஒலிபெருக்கியில் மற்ற ஊர் முடிவுகளை வாசித்தார்கள். ஹாக்ஸ்மூர் என்ற பெயர் வந்ததும் சத்தம் அடங்கியது. யாரோ மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மறுபடியும் அதையே வாசித்தார்கள். தூக்கியவர்கள் ரேயைக் கீழே இறக்கிவிட்டு ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள். தெல்மா அதை மட்டும் கண்ணை மூடாமல் பார்த்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கிளிஃபர்ட் கேட்டான். "ரேடியோவுல தப்பாச் சொல்லிட்டானுங்களா?"

"ஆமா, தப்பாச் சொல்லிட்டாங்க" என்றாள் தெல்மா. மூன்றாவது பொய்.

"விட மாட்டேன். எழுதிக் கேக்கறேன்" என்றான். மறுநாளே உட்கார்ந்து வானொலி நிலையத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தபாலில் போட்டான். தெல்மா தபால்காரனைக் கண்டாலே நடுங்கினாள். ஆனால் பதில் வந்ததாகவே தெரியவில்லை. கொஞ்ச நாளில் அவளும் அதை மறந்துவிட்டாள்.

ஊர் மறக்கவில்லை. அந்தப் பொய்யை நம்பிய ஆறாயிரம் பேரையும் விட்டுவிட்டு ரே டனிக்ளிஃப் ஒருவனைப் பிடித்துக்கொண்டது. கோல் போடுகிறவனை எவனாவது வெளியே கூப்பிடுவானா? கேலரியில் எவனோ கத்தினான் என்று ஆட்டத்தை மாற்றுகிறவன் மானேஜரா? ஒரு வாரத்தில் அவன் வேலை போயிற்று. மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டவர், ஆட்டக்காரர்களின் துணி துவைத்தவள், அலுவலகப் பெண்கள், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரேயின் வீட்டுச் சன்னலில் கல் விழுந்தது. அவனுக்கு இனிமேல் கறி விற்க மாட்டேன் என்று வில்ஃப் கடையில் அட்டை எழுதித் தொங்கவிட்டான். முதலில் கத்தியதே இந்த வில்ஃப்தான். கேட்டால், "எவனோ முன்னாடி கையைக் காட்டினான்" என்பான். எவன் என்று அவனுக்கு ஞாபகம் இல்லையாம். வேறு கிளப் எதுவும் ரேயைக் கூப்பிடவில்லை. ஊரிலேயே ஒரு பெயின்ட் கடையில் டப்பா அடுக்கும் வேலைக்குப் போனான்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது சமையற்கூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். "நான் பெரில். பெரில் டனிக்ளிஃப்" என்று சொல்லிவிட்டு, யாராவது ஏதாவது சொல்லப்போகிறார்களா என்று மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ரேயின் மனைவி என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெல்மாவின் கையிலிருந்த கரண்டி கஸ்டர்ட் பாத்திரத்துக்குள் விழுந்தது.

அன்றிலிருந்து ஐந்து வருஷம் இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினார்கள். கனமான பாத்திரத்தைத் தெல்மாவே தூக்குவாள். பெரிலுக்குத் தலைவலி என்றால் அவள் வேலையையும் சேர்த்துச் செய்வாள். பெரிலின் அம்மா சாகக் கிடந்தபோது தினமும் சாயங்காலம் சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீ மட்டும் இல்லைன்னா நான் இந்த ஊரை விட்டே ஓடியிருப்பேன், கண்ணு" என்பாள் பெரில். "உன்னை மாதிரி ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை."

அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் தெல்மாவுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருக்கும். குற்றம் செய்தவளுக்கு வசவு கிடைத்தால் தாங்கிக்கொள்ளலாம். நன்றி கிடைத்தால் என்ன செய்வாள், பாவம்?

"அன்னிக்கு முதல்ல கிளப்பிவிட்டவன் எவன்னு மட்டும் தெரியட்டும்" என்பாள் பெரில் இன்னொரு நாள், கத்தியை ஆட்டிக்கொண்டு. "மீன் பொரிக்கிற எண்ணெயில முக்கி எடுத்துடுவேன்."

"எண்ணெய் வீணாப் போயிடும்" என்பாள் தெல்மா. எல்லாரும் சிரிப்பார்கள்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தாள். அப்புறம் கிளிஃபர்டின் முகம் நினைவுக்கு வரும். சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடும். கையைத் தூக்கிக் காட்டியது அவன்தான் என்பது அவன் நெஞ்சைப் பிளந்துவிடும். அவனுக்காகத்தானே இவ்வளவும் என்று சமாதானம் செய்துகொள்வாள். அந்தச் சமாதானம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடத் தாங்காது.

கிளிஃபர்ட் 1993 பிப்ரவரியில் போனான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மத்தியானம் டீ ஆறுவதற்குள். கடைசி வரைக்கும் அவர்கள் ஆட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். சின்ன லீக், எழுநூறு பேர், அதே மூன்றாவது வரிசை. "மத்த ஊர்ல என்ன ஸ்கோர், பொண்ணே?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கேட்டான். அவள் சொன்னதை அப்படியே நம்பினான்.

ஒரு மாதம் கழித்து அவனுடைய பழைய பிஸ்கட் டப்பாவை அவள் திறந்தாள். டிக்கெட் துண்டுகள், ஒரு பஸ் சாவி, ரொட்டிக் காகிதத்தில் போட்ட அந்த நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று கணக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கவர். வானொலி நிலையத்திலிருந்து, 1988 ஜூன் தேதி போட்டு வந்தது. உங்கள் கடிதம் கிடைத்து ஒலிப்பதிவை மறுபடி கேட்டுப் பார்த்தோம், அன்று மதியம் ஹாக்ஸ்மூர் ஆட்டத்தைப் பற்றி நான்கு முறை அறிவித்திருக்கிறோம், நான்கு முறையும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்றே அறிவித்திருக்கிறோம் என்று டைப் அடித்திருந்தது.

தெல்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரிந்திருக்கிறது. ஐந்து வருஷமாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடிதம் வந்த நாளில் அவன் என்ன பேசினான் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. டீ போட்டுக் கொடுத்திருப்பான். வில்ஃப் ரேயைத் திட்டும்போதெல்லாம் கிளிஃபர்ட் "விடு வில்ஃப், போதும்" என்று எழுந்துபோவது மட்டும் இப்போது நினைவுக்கு வந்தது. அவனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்ததாக அவள் நினைத்தாள். அவன் இவளுக்காக மூடிக்கொண்டிருந்தான். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்றாவது ஒருவனைப் பலி கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது. ஒளிந்துகொள்ள இனி யாருடைய முகமும் இல்லை.

ரே சனிக்கிழமை மத்தியானங்களில் மைதானத்துப் பக்கம் தலைகாட்ட மாட்டான். மேட்டில் அவனுக்கு ஒரு தோட்டத் துண்டு இருந்தது, அங்கே மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பான். அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குத் தெல்மா அங்கே போய் நின்றாள்.

"வாங்க மிசஸ் என்ட்விசில். கிளிஃபர்ட் விஷயம் கேள்விப்பட்டேன். நல்ல மனுஷன்."

"மிஸ்டர் டனிக்ளிஃப், அன்னிக்கு ரேடியோவுல யாரும் தப்பாச் சொல்லலை. ஹாக்ஸ்மூர் கோல் வாங்கினதா நான்தான் சொன்னேன். பொய் சொன்னேன்."

அவன் பிடுங்கிய வெங்காயத்தாளை மண்வெட்டியில் தட்டி மண்ணை உதிர்த்தான். "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"பின்னால நூறு பேரு கத்தினாங்க, அவங்களை நான் நம்பலை. உங்களைத்தான் திரும்பிப் பார்த்தேன். நீங்க தலையாட்டினீங்க. அப்புறம்தான் ஸ்டாட்டைக் கூப்பிட்டேன்."

"தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? பள்ளிக்கூடத்துல கஸ்டர்ட் ஊத்துற அம்மா தலையாட்டினாங்க, அதான் டீமை மாத்திட்டேன்னு பேப்பர்காரன்கிட்ட சொல்லவா?" என்று சிரித்தான். "அதோட, உங்க பக்கத்துல அவர் உட்கார்ந்திருந்தார். இடைவேளைக்கு உள்ள போறப்ப பார்த்தேன், செத்த முகம். நீங்க தலையாட்டினப்ப சிரிச்சிட்டிருந்தார். வீட்டுக்குப் போய் யோசிச்சதுல புரிஞ்சு போச்சு."

"என்னைத் திட்டுங்க" என்றாள் தெல்மா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வாய்க்கு வந்தபடி திட்டுங்க, கேட்டுக்கறேன்."

"திட்ட வேண்டியதை எல்லாம் நான் தனியா இந்த மண்ணுகிட்ட திட்டித் தீர்த்துட்டேன்."

கீழே மைதானத்திலிருந்து சின்னதாக ஒரு கூச்சல் கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தார்கள்.

"பெரிலுக்குத் தெரியுமா?"

அவன் முகம் மாறியது. "தெரியாது. சொல்லத்தான் இருந்தேன். முதல் நாள் வேலைக்குப் போயிட்டு வந்து சொன்னா, தெல்மான்னு ஒருத்தி கூடப்பிறந்தவ மாதிரி பாத்துக்கறான்னு. அந்த வருஷம் அவகிட்ட முகம் கொடுத்துப் பேச ஊர்ல ஒரு ஆள் கிடையாது. இருந்த ஒருத்தியையும் பிடுங்கிக்கவா?" மண்வெட்டியை மண்ணில் குத்தி நிறுத்தினான். "இன்னமும் கேக்கறா. எவன் பேச்சைக் கேட்டு ஆட்டத்தை மாத்தினேன்னு. நான் பேசாம இருந்துடறேன். பேசாம இருந்தா அவளுக்கு இன்னும் கோவம் வருது."

வசவு வாங்கப் போனவளுக்கு இரண்டு கட்டு வெங்காயத்தாள் கொடுத்து அனுப்பினான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, ஊர் பார்க்க அழுதுகொண்டே தெல்மா மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணி. உருளைக்கிழங்கு வாளிக்கு இந்தப் பக்கம் தெல்மா, அந்தப் பக்கம் பெரில். மற்ற பெண்கள் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெல்மா கத்தியைக் கீழே வைத்தாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொட அவளுக்குத் தெரியாது. கிளிஃபர்டின் நெஞ்சுவலி, காதில் சொன்னது, ரே திரும்பிப் பார்த்தது, தலையாட்டியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனதையும் ரேவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதையும் சொன்னாள்.

பெரில் சீவிக்கொண்டிருந்த கிழங்கு பாதியில் நின்றது. "நீயா?" என்றாள்.

"நான்தான்."

"எங்கம்மாவுக்கு சூப் கொண்டுவந்தியே, அப்பவும் மனசுல இதை வெச்சுக்கிட்டுத்தான் வந்தியா?"

"ஆமா."

பெரிலின் கழுத்து, கன்னம், காது எல்லாம் சிவந்தது. கையில் கத்தி இருந்தது. அடிக்கட்டும், அதுதான் நியாயம் என்று தெல்மா நினைத்தாள். ஆனால் பெரில் கேட்டது வேறு.

"ரே உன்னைத் திரும்பிப் பார்த்தாரா? கேட்டுட்டுத்தான் மாத்தினாரா?"

"என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டின பிறகுதான் மாத்தினார்."

"எவனோ கத்தினான்னு மாத்தலை?"

"இல்லை."

பெரில் கிழங்கையும் கத்தியையும் வாளிக்குள் போட்டாள். தண்ணீர் தெறித்தது. "அஞ்சு வருஷமா ஊர் அவரை வெளியில அடிச்சது" என்றாள். "வீட்டுக்குள்ள நான் அடிச்சேன், தெல்மா. டீயில சர்க்கரை குறைஞ்சாக்கூட அந்தச் சனிக்கிழமையைத்தான் இழுப்பேன். மூளை இல்லாதவரேன்னு சொல்லியிருக்கேன். விருந்தாளி முன்னாடி சொல்லியிருக்கேன். நேத்து ராத்திரி சாப்பாட்டுல கூட சொன்னேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாம வெங்காயத்தாள் சூப்பைக் குடிச்சிட்டு எழுந்து போனார்."

ஏப்ரனை அவிழ்த்து மேசைமேல் எறிந்தாள். மழைக்கோட்டைக்கூட எடுக்கவில்லை. கதவுவரை போய்த் திரும்பி, விரலை நீட்டி, "உன்னை அப்புறம் வந்து பாத்துக்கறேன்" என்றாள். பெயின்ட் கடை இருக்கும் பக்கமாக, மழையில், ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். இரண்டு பேர் பரிமாறுகிற இடத்தில் தெல்மா மட்டும் நின்றாள். இடது கைக் கரண்டியில் மசித்த கிழங்கு, வலது கைக் கரண்டியில் பட்டாணி.

"பெரில் எங்க?" என்று கேட்டாள் முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண்.

"வேலையைப் பாதியில போட்டுட்டு அவங்க வீட்டுக்காரரைப் பார்க்கப் போயிருக்காங்க."

"ஏன்? அவருக்கு உடம்பு சரியில்லையா?"

வரிசையில் இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். இங்கே சொன்னால் மூன்றரை மணிக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்விடும், நாலு மணிக்குள் வில்ஃப் கடைக்கும் போய்விடும் என்று தெல்மாவுக்குத் தெரியும்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். "அவர் பேருல அஞ்சு வருஷமா ஒரு பழி இருந்தது. அது என்னோடது. ஹாக்ஸ்மூர் கோல் வாங்கினதாப் பொய் சொன்னது நான். உங்க வீட்ல போய்ச் சொல்லுங்க."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் தட்டை நீட்டி, "பட்டாணி வெந்திருக்கா?" என்று கேட்டாள்.

"வெந்திருக்கு" என்றாள் தெல்மா.

அந்தப் பெண் தட்டில் விழுந்த பட்டாணியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, நகர்ந்தாள்.